மீன் சினை

சிலோயே தீவில் மழை
ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புவரை ஏறிவிடும்.
பகல் ஷிப்ட்டின் நடுவில் கொண்டுவந்தார்கள்,
ரொசால்பா மன்சில்யா,
சால்மன் ஆலையில் துண்டு போடுகிறவள்.
வலது உள்ளங்கையில் நுழைந்த கத்தி
எலும்பை விசாரித்துவிட்டுத் திரும்பியிருந்தது.
இரண்டு விரல்கள் மடங்க மறந்துவிட்டன.

"தூங்க மட்டும் வைக்காதீங்க டாக்டர்."
போன தடவை மயக்கம் தெளிந்தபோது
கருப்பை இல்லை என்றார்களாம்.
கேட்டுத்தான் எடுத்தார்களா?
அதை நான் கேட்கவில்லை.
"கையை மட்டும் தூங்க வைக்கிறேன்.
நீங்க முழிச்சிருந்து
என்னைக் கண்காணிங்க" என்றேன்.

காறையெலும்புக்கு மேலே குளிர்ந்த ஜெல்.
திரையை அவள் பக்கமும் கொஞ்சம் திருப்பினேன்.
கறுப்பு, சாம்பல், நடுவே துடிக்கும் ஒரு வட்டம்: தமனி.
அதன் தோளில் சாய்ந்து கொத்தாக நரம்புகள்.
திராட்சை என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.
"சினை" என்றாள் ரொசால்பா. "பொட்டை மீன்."
பதினோரு வருஷமாக வயிறு கிழித்துப் பார்த்தவள்.
அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

சினைக்குக் கீழே வெள்ளைக் கோடு, முதல் விலா எலும்பு.
பக்கத்தில் மினுங்குவது நுரையீரலின் உறை.
அங்கே போகக் கூடாது.
என் பிழைப்பு முழுக்க இந்த அரை விரற்கடையில்தான்.
ஊசி ஒரு வெளிச்சக் கீற்றாக இறங்குகிறது.
உறிஞ்சிப் பார்க்கிறேன், ரத்தம் இல்லை.
மருந்து பரவப் பரவ
சினைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி
இருட்டில் மிதக்கின்றன.

இனி இருபது நிமிஷம்.
அறுவை மருத்துவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.
அவர் பார்ப்பதை நான் பார்க்காமல் இருக்கிறேன்.
முழங்கையில் ஐஸ் வைத்தால் "ஏதோ தொடுது, குளிரலை" என்கிறாள்.
கட்டைவிரலில் வைத்தால்
"எப்ப வைப்பீங்க?"

அப்புறம் முகம் சுருங்கியது.
"கையைக் கொஞ்சம் இறக்கி வைங்க டாக்டர்.
வலியில்லை. ஆனா தூக்கியே இருக்கு, கனக்குது."
கை பலகைமேல் கிடந்தது,
மல்லாந்து, யாரோ விட்டுப்போன கையுறை மாதிரி.
காட்டினேன். பார்த்தாள். நம்பவில்லை.

சேதி வருவது நின்றுபோனால்
கடைசியாக வந்ததையே மூளை பிடித்துக்கொள்ளும்.
நோயாளிகளுக்கு வழக்கமாக இப்படித்தான் சொல்வேன்.
ஆனால் இவள் கை மருந்துக்கு முன்னாலும்
பலகைமேல்தான் கிடந்தது.
"கத்தியும் கையிலேயே இருக்கு" என்றாள் மெல்ல.
"நிமிஷத்துக்கு ஆறு மீன். பெல்ட் ஓடிட்டே இருக்கு."
ஷிப்ட் முடிந்ததை
அந்தக் கைக்கு யாரும் சொல்லவில்லை.

தைத்து முடித்து வெளியே வந்ததும் ஃபோன்.
மேற்பார்வையாளன் கார்கமோ.
வலிக்கிறதா என்று கேட்டான்.
"இல்லை" என்றாள், அது உண்மை.
அப்படியானால் திங்கட்கிழமை?
அன்றைக்குத்தான் முதல் தடவையாக
என் மருந்தின்மேல் எனக்கே கோபம் வந்தது.
ஃபோனை வாங்கி மூன்று மாதம் என்றேன்.
"ம்" என்றான், வானிலை கேட்டவன்போல.

ராத்திரி இரண்டு மணிவாக்கில் கை திரும்பி வரும்,
கோபமாக வரும்,
பன்னிரண்டுக்கே மாத்திரையைப் போட்டுவிடுங்கள்,
வெள்ளத்துக்கு முன்னால்தான் அணை.
எல்லாம் சொன்னேன். தலையாட்டினாள்.
தூங்கிப்போனாள்.
எழுப்ப வேண்டிய நர்ஸுக்கு அன்று இருபத்தாறு படுக்கை.

இரண்டே முக்காலுக்குக் கூப்பிட்டார்கள்.
ஈரக் கோட்டுடன் ஓடினேன்.
உட்கார்ந்திருந்தாள், உதடு கடித்து,
தலையணையெல்லாம் வியர்வை.
மருந்தைச் சொட்டில் ஏற்றிக்கொண்டே
மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.
"இறங்கிருச்சு" என்றாள்.
"எது?"
"கை. கத்தியைக் காணோம்."

பத்துக்கு எவ்வளவு வலி என்று கேட்டேன்,
கேட்டாக வேண்டும்.
"ஒன்பது" என்றாள் அழுதுகொண்டே,
கட்டுக்கு வெளியே நீட்டியிருந்த கட்டைவிரலை
எனக்கு ஒருமுறை அசைத்துக் காட்டி,
பிறகு இன்னொரு முறை, தனக்கு.